கத்தரி பட்ட செடி

ஆராய்ச்சிப் பண்ணையில் ஆந்தூரியப் பூச்செடிகளைப் பாக்டீரியா கருக்கிக்கொண்டிருந்தது. இயக்குநர் நல்லபெருமாள் கொதித்தார்.

"தண்ணி ஊத்துற செல்லக்கண்தான் பரப்புறான். நிரூபிச்சாத்தான் உன் ஆய்வுக்குக் கையெழுத்து" என்றார் மாணவி சகாயமேரியிடம்.

"ஆளுக்கொரு நல்ல செடியில, அவரவர் கத்தரியால ஓர் இலை நறுக்குங்க சார். யாரு கையால பரவுதுன்னு தெரிஞ்சிடும்."

செல்லக்கண் உட்பட மற்ற எல்லாரும் வழக்கம்போல கத்தரியைக் கிருமி கொல்லும் ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு நறுக்கினார்கள். இயக்குநர் பையிலிருந்து எடுத்த கத்தரியால் அப்படியே நறுக்கினார்.

சில வாரங்களில் ஒரே ஒரு செடி கருகியது.

"யாரோடது?" என்று அதட்டினார்.

"இங்க செடிங்க மேல ரொம்பப் பாசமானவரோடது சார். காலையில ஒண்ணுவிடாம காய்ஞ்ச இலை நறுக்கிவிடுவாரே, அவரோடது" என்றாள் சகாயமேரி.

இயக்குநரின் கை சட்டைப்பையிலிருந்த கத்தரியைத் தொட்டுப் பார்த்தது.

மறுநாள் காலையில் அவர் செல்லக்கண் முன்னால் கத்தரியை நீட்டிக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் ஸ்பிரிட் ஊத்துப்பா."