மீதித் தண்ணீர்

முதலில் கேட்டது தண்ணீர் சொட்டும் ஓசை. ஓரிடத்தில் அல்ல, ஏழெட்டு இடங்களில். அதற்குப் பிறகுதான் மீக்கோனுக்கு அந்த வாசலே தெரிந்தது. உள்ளே, அடியில் துளையிட்ட பானைகள் வரிசையாக இருந்தன. நடுவில் முழங்கைவரை களிமண்ணோடு மெலிட்டா உட்கார்ந்திருந்தாள்.

சிசிலித் தீவில் இருந்த அந்தக் கிரேக்க நகரத்தை விட்டுக் கொடுங்கோலன் கப்பலேறி ஓடி இரண்டு மாதம் ஆகியிருந்தது. பத்தொன்பது வருடம் கண்ஜாடையிலேயே பேசிய ஊர், இப்போது வாயை மூடமாட்டேன் என்றது. மீன்காரன் சட்டம் பேசினான். முடி திருத்துகிறவன் பாதித் தலையை அப்படியே விட்டுவிட்டு நியாயம் பேசினான். கொடுங்கோலன் பிடுங்கித் தன் ஆட்களுக்குக் கொடுத்த நிலங்கள் யாருக்கு என்று தீர்க்கச் சந்தையில் மன்றம் கூடியது. இருநூறு நடுவர்கள். அவரவர் வழக்கை அவரவரே பேசவேண்டும். ஆளுக்கு ஒரு பானைத் தண்ணீர். அது ஒழுகி முடிந்தால் பேச்சும் முடிந்தது.

பானைகளைச் செய்தவள் மெலிட்டா. பெண்கள் மன்றத்தில் பேச முடியாது. ஆனால் பானை சரியாக ஒழுகுகிறதா என்று பார்க்கச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து, அத்தனை வழக்கையும் அவள் கேட்டிருந்தாள். யார் எந்தச் சொல்லில் தோற்றான் என்பது அவளுக்குத் தெரியும்.

"இருநூறு பேரை ஆமான்னு சொல்ல வைக்கணும் தாயி. எப்படி?" என்றான் மீக்கோன். அவளைவிட இருபது வயது பெரியவன்.

"எதுக்குண்ணே?"

"என் அத்தித் தோப்பு. அதைப் பிடுங்கி டெக்ஸோன்னு ஒரு கூலிப்படைக்காரனுக்குக் கொடுத்துட்டாங்க. நான் அன்னையிலேர்ந்து மீனுக்கு உப்புத் தடவிட்டு இருக்கேன். நாலாம் நாள் வழக்கு."

"பானையைச் சோதிக்க எனக்குத் தண்ணி வேணும். ஊற்றிலேர்ந்து சுமப்பீங்களா?"

சுமந்தான். அவள் ஒரு பானையை நிரப்பி, துளையை அடைத்த மெழுகை எடுத்தாள்.

"பேசுங்க."

"தோப்பு என்னுது. பிடுங்கினாங்க. திருப்பிக் கொடுங்க."

நிறுத்திவிட்டான். தண்ணீர் நிற்கவில்லை.

"மீதித் தண்ணியை என்ன பண்ணப் போறீங்க, குடிக்கவா?"

"உண்மை அவ்வளவுதானே தாயி!"

மறுநாள் டெக்ஸோனின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டினான். சிப்பி விற்கும் இரண்டு பேர் வாசலில் கூடையை இறக்கிவிட்டுக் கைதட்டினார்கள். பானை காலியானபோது தோப்பு என்ற சொல்லே வந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் மெலிட்டா சொன்னாள்: "இன்னைக்கு நீங்கதான் டெக்ஸோன். பேசுங்க."

"அந்த நாய் வாயாலயா?"

"ஒரே ஒரு பானை."

பல்லைக் கடித்துக்கொண்டு ஆரம்பித்தான். பத்தொன்பது வருடம் தினமும் வேலிக்கு வெளியே நின்று பார்த்தவன் அவன். பார்த்ததெல்லாம் வாயில் வந்தது.

"எனக்குக் கொடுக்கிறப்போ கிணறு வறண்டு கிடந்தது. நாலு கோடை தோண்டினேன். அடியெல்லாம் பாறை. கயிறு அறுந்து என் தம்பி அதுக்குள்ளேயே செத்தான். அவன் செத்த மூணாம் நாள் தண்ணி வந்தது. அந்தத் தண்ணியிலதான் நாற்பது கன்னு வெச்சேன்..."

கடைசிச் சொட்டும் அவன் பேச்சும் ஒன்றாக நின்றன.

"கொடுத்துடலாம்யா, பாவம்" என்றான் ஒரு சிப்பிக்காரன்.

மீக்கோன் திரும்பிப் பாய்ந்தான். "எதைக் கொடுக்கிறே? யாருக்கு? அது என் தோப்புடா!"

"நீதானேய்யா சொன்னே!"

மீக்கோன் மெலிட்டாவிடம் திரும்பினான். "இதென்ன வித்தை தாயி? என் பேச்சைவிட எதிரி பேச்சு நல்லா நிக்குதே!"

"அவர் நாளைக்கு இப்படிப் பேசுவாரா?"

"அவனா? நம்ம மொழியே அவனுக்குச் சரியா வராது. முரசு அடிச்சா நடக்கத் தெரியும், அவ்வளவுதான்."

"அப்போ உங்களுக்கு நல்லதுதானே" என்று மெலிட்டா களிமண்ணைப் பிசையப் போனாள்.

மறுநாள் மன்றத்தில் சீட்டுப் போட்டதில் டெக்ஸோன் முதலில் பேச வேண்டியதாயிற்று. தலை நரைத்த, பெரிய உருவம். பானையின் மெழுகை எடுத்தார்கள்.

"கொடுத்தாங்க. இருக்கேன்" என்றான். அதோடு உறைந்துபோனான்.

தண்ணீர் ஒழுகியது. நடுவர்களில் ஒருவன் வறுத்த கொண்டைக்கடலையைக் கடித்தான். யாரோ சிரித்தார்கள். மீக்கோனின் நெஞ்சு துள்ளியது. ஒவ்வொரு சொட்டும் அவனுக்குத் திரும்பி வரும் ஒரு மரம். கால் பானை போயிற்று. அரைப் பானை போயிற்று. டெக்ஸோனின் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. அவன் பானையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கிணத்தைச் சொல்லுய்யா!"

சந்தையே திரும்பியது. கத்தியது தான்தான் என்று மீக்கோனுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. நிறுத்தவும் முடியவில்லை.

"உன் தம்பியைச் சொல்லுய்யா!"

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. டெக்ஸோன் சிரிக்கவில்லை. "கயிறு" என்றான். பிறகு உடைந்த மொழியில், மிச்சமிருந்த தண்ணீர் முழுக்க, எல்லாவற்றையும் சொன்னான். கடலை கடிக்கிற சத்தம் நின்றுபோனது.

அடுத்து மீக்கோன் எழுந்தான். தயாரித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிருந்தது.

"இவன் சொன்னது நிஜம், நான் பார்த்தேன். பழைய மரம் அத்தனையும் எங்கப்பன் வெச்சது. அதுவும் நிஜம்" என்று தொடங்கினான். அவன் பானை ஒழுகி முடியும்வரை ஒருவரும் இருமவில்லை.

தீர்ப்பு வந்தது: பழைய மரங்கள் மீக்கோனுக்கு. கன்றுகள் டெக்ஸோனுக்கு. கிணறு இருவருக்கும் பொது.

மெலிட்டாவின் வீட்டுக்குத் தெருக்கோடியிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான் மீக்கோன். முகம் சிவந்திருந்தது. கோபமா சிரிப்பா என்று சொல்ல முடியாது.

"கெடுத்துட்டியே தாயி! வாயை மூடிட்டு நின்னிருந்தா முழுத் தோப்பும் என்னுது! இப்போ கிணத்தடியில தினம் அவன் மூஞ்சியில முழிக்கணும். வர்ற வழியில ஒரு நடுவர் கையைப் பிடிச்சுக்கிட்டு, நீ சொன்னதை அப்படியே நம்பினேன்யாங்கிறார். எதிரிக்கு எடுத்துக் கொடுக்கவா என்னைப் பழக்கினே? இதுதான் உன் வித்தையா?"

மெலிட்டா புதுப் பானை ஒன்றின் அடியில் குச்சியால் துளையிட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"உங்க பானை நிறையப் பேசத்தான் சொல்லிக் கொடுத்தேன். அவர் பானைத் தண்ணி வீணாப் போறதை உங்களால ஏன் பார்த்துட்டு நிக்க முடியலேன்னு எனக்கெப்படித் தெரியும்?"



மூலையில் இருந்த பானையில் சொட்டு நின்றது. மீக்கோன் இரண்டு குடத்தையும் எடுத்துக்கொண்டு ஊற்றுக்கு நடந்தான்.