ஜெபமணி அண்ணன் பம்பு

ஞானதுரை சாரிடம் எதையாவது காட்டி "எப்படி இருக்கு?" என்று கேட்டவன் கெட்டான். முப்பத்தாறு வருஷம் கணக்கு விடைத்தாள் திருத்தியவர். தப்பு எங்கே ஒளிந்திருந்தாலும் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

அப்பேர்ப்பட்டவர் அறுபத்து மூன்று வயதில் சபூராவிடம் மாணவனாகச் சேர்ந்தார். சபூராவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. தூத்துக்குடி பைபாஸ் ஓரம் ஒரு தகரக் கொட்டகை. கையால் சுற்றி எண்ணெய் ஏற்றும் அந்தக் காலத்துப் பெட்ரோல் பம்புகளைச் சேகரிக்கிறவர்கள் எங்கெங்கிருந்தோ அவளைத் தேடி வருவார்கள். எந்த உறுப்பு அசல், எது வேறு எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது என்று அவள் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

சார் அங்கே வந்ததற்குக் காரணம் அண்ணன் ஜெபமணி. அம்மா இறந்தபோது யார் யாருக்குச் சொல்லி அனுப்பவில்லை என்று ஒரு சண்டை. இருபத்திரண்டு வருஷம் அண்ணனும் தம்பியும் பேசவில்லை. அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு சார் வீட்டு வாசலில் ஒரு பம்பு வந்து இறங்கியது. கரண்ட் போன நேரத்தில் டீசல் அடிக்க, தன் பெட்ரோல் பங்க்கில் அண்ணன் கடைசிவரை வைத்திருந்த பம்பு. "தம்பிக்கு" என்று ஓர் அட்டை கட்டியிருந்தது. வேறு ஒரு வார்த்தை இல்லை.

மனைவி இறந்து, பேச ஆளில்லாத வீடு. சார் பம்பை முன்னறையில் நிறுத்தி, அதற்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். அண்ணனுக்குத்தான் ஒன்றும் செய்யவில்லை, இந்தப் பம்பையாவது சரியாக்குவோம் என்று தோன்றியது.

ஒன்றரை வருஷம் சபூராவிடம் படித்தார். போல்ட் தலைக்கு அடியில் பழைய பெயிண்ட் இருக்கிறதா, வார்ப்பில் உள்ள எண் ஒத்துப்போகிறதா, எல்லாம் அத்துப்படி. ஒரு நாள் காலையில் பம்பை வண்டியில் ஏற்றிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார்.

"ஏழு உறுப்பு அசல் இல்லாதது இருந்துச்சும்மா. ஏழையும் கழட்டிட்டு அசலைத் தேடிப் பிடிச்சு மாட்டிட்டேன். பாருங்க."

சபூரா டார்ச்சோடு சுற்றிச் சுற்றி வந்தாள். மல்லாந்து படுத்து அடியிலும் பார்த்தாள்.

"ஒரு குறை இல்லை சார். நூத்துக்கு நூறு."

சாருக்குச் சந்தோஷம் வரவில்லை.

"அப்புறம் ஏம்மா இப்படி இருக்கு?"

"எப்படி?"

"முன்னெல்லாம் இது எதிர்ல உக்காந்தா அண்ணனே இருக்கற மாதிரி இருக்கும். திட்டுவேன், அழுவேன். இப்ப வெறும் இரும்புக்கு எதிர்ல சோறு திங்கறேன். நான் எங்கம்மா தப்பு பண்ணுனேன்?"



"கழட்டுனதுல ரொம்ப மோசம் எது சார்?"

"கைப்பிடி! எந்தக் கம்பெனியும் செஞ்சதில்லை. லாரி ஜாக்கிக் கம்பியை எவனோ பட்டறையில வச்சு வளைச்சிருக்கான். அதுவும் எதிர்ப்பக்கமா. கண்றாவி. முதல்ல அதைத்தான் தூக்கிப் போட்டேன்."

"இப்ப மாட்டியிருக்கற கைப்பிடியைச் சுத்துங்க. இடது கையால."

சுற்றினார். அரைச் சுற்றிலேயே விரல் முட்டி பம்பின் உடம்பில் இடித்துத் தோல் உரிந்தது.

"அட போம்மா! இடது கையால எவன் சுத்துவான்?"

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார்.

சண்டை போட்டு எட்டாவது வருஷம். பங்க்கில் ஏதோ விபத்து, அண்ணனுக்கு வலது கையில் மூன்று விரல் போய்விட்டது என்று யாரோ வந்து சொன்னார்கள். கேட்டுக்கொண்டார். போய்ப் பார்க்கவில்லை. அந்தக் கையை வைத்துக்கொண்டு மனுஷன் எப்படிப் பிழைத்தார் என்று இந்த நிமிஷம்வரை நினைத்தும் பார்த்ததில்லை.

"பழைய கைப்பிடி எங்கே சார்?"

"காயலான் கடையில போட்டு நாலு மாசமாச்சு. இந்நேரம் உருக்கியிருப்பான்."

சாருக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாமல் அவள்மேலேயே காட்டினார்.

"ஒன்றரை வருஷம் உங்ககிட்ட படிச்சேனேம்மா. அதுதான் அண்ணனோடதுன்னு கண்டுபிடிக்க எனக்கு ஏன் சொல்லித்தரலை?"

சபூரா டார்ச்சை அணைத்தாள்.

"எனக்குப் பம்பைத்தான் சார் தெரியும். உங்க அண்ணனை எனக்குத் தெரியாதே."