கணினியில் இல்லாத ஈரம்

எனக்குக் கெடுதல் செய்தவன் ஆராய்ச்சி மாணவன் திருமேனி. சூசை குப்பியை ஈரத்தோடு கொடுத்துவிட்டார் என்று ஆய்வுக்கூடம் முழுக்கச் சொன்னான். இருபத்தாறு வருடமாக அங்கே குப்பி கழுவி உலர்த்துகிறவன் நான். மறுநாளே ஓவன் சாவியை என்னிடமிருந்து வாங்கிவிட்டார்கள்.

திருமேனி மக்னீசியம் பேட்டரிக்கு உப்பைக் கரைத்து ஒரு திரவம் செய்யப் பார்த்தான். கணினியில் மாதிரி போட்டுப் பார்த்தபோது அருமையாக வேலை செய்தது. குப்பியில் கலந்தால் உலோகத்தின் மேல் படலம் கட்டி எல்லாம் நின்றுபோனது.

அவனுடைய பேராசிரியர் மங்கையர்க்கரசி மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"கம்ப்யூட்டர்ல எத்தனை தண்ணி மூலக்கூறு வச்சே?"

"ஒண்ணுகூட இல்ல மேடம்."

"அவ்வளவு நல்லா யார் உலர்த்தினது?"

"யாரும் இல்ல. போடல, அவ்வளவுதான்."

"கொடுத்து வச்சவன்ப்பா. சூசை அண்ணனுக்கு அதுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஆகுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"ஒண்ணே ஒண்ணு போட்டுப் பாரு," என்றார்.

மூன்றாம் நாள் ஓடி வந்தான்.

"மேடம், அந்தத் தண்ணி கரைஞ்சிருக்கற மக்னீசியத்தை விடவே மாட்டேங்குது. உலோகத்துக்கிட்ட போனதும் உடையுது. படலம் அதனாலதான். குப்பியில ஈரம்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல!"

மேடம் அலமாரிப் பக்கம் போனார். திருமேனிக்குக் கொடுத்த குப்பியோடு அதே நாளில் நான் உலர்த்திய இன்னொரு குப்பி மூடியோடு அங்கே இருந்தது. அதை எடுத்து, உப்பில்லாத திரவத்தை ஊற்றி, ஈரம் அளக்கும் கருவியில் வைத்தார். எண் ஏறவில்லை. பிறகு திருமேனியின் உப்பைப் போட்டார். எண் மளமளவென்று ஏறியது.

"உப்பை உலர்த்தினது யாரு?"

"நான்தான் மேடம். அந்த வாரம் அப்பா ஆஸ்பத்திரில... பாதியில எடுத்துட்டேன்."

எனக்குத் தெரியும். அன்றைக்குப் பேருந்தில் இடம் பிடித்து அவனை ஏற்றிவிட்டதே நான்தான்.

மேடம் அவன் தோளில் கை வைத்தார். "அப்பா இப்ப எப்படி இருக்காரு?"

"எழுந்து நடக்கறாரு."

மேடம் ஓவன் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

திருமேனி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான். "மேடம், இன்னும் எதை விட்டுட்டேன்?"

"அதை என்கிட்ட கேக்காதே. அண்ணன் நிக்கறாரு பாரு."

என்னைப் பார்த்தான். வாயைத் திறந்தான். மூடினான்.

"அண்ணே," என்றான். "நாளைக்கு எனக்குப் பத்துக் குப்பி வேணும். நீங்களே உலர்த்துங்க."

பத்தையும் உலர்த்திக் கொடுத்தேன். சொல்லவேண்டியதை அவன் இன்னும் சொல்லவில்லை.