ஏழாவது விளக்கு

"டீச்சர், ஆறும் போச்சு."

வைத்திலிங்கம் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து மேசைமேல் கவிழ்த்தார். ஆறு எல்இடி விளக்குகள் விழுந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கறுப்புப் புள்ளி.

ரெஜினா டீச்சர் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

மயிலாடுதுறையில் ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர் ரெஜினா. சனிக்கிழமைதோறும் அங்கேயே வகுப்பும் எடுப்பார். வைத்திலிங்கம் அவரைவிட இருபத்திரண்டு வயது மூத்த மாணவர். முப்பது வருஷமாகக் கல்யாணப் பந்திகளில் பரிமாறி வருகிறவர்.

"பாக்கெட்டில் எத்தனை வந்தது அண்ணே?"

"ஏழு. இன்னும் ஒண்ணுதான் இருக்கு. அடுத்த பாக்கெட் கோயம்புத்தூரிலிருந்து வரப் பத்து நாளாகும். அதுவரை சுலோசனா பொறுக்க மாட்டா."

சுலோசனா அவர் மனைவி. கண்பார்வை மங்கிவிட்டது. நல்ல வெளிச்சம் இருந்தால் படிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் வைத்திலிங்கம் விளக்கு செய்யக் கிளம்பினார். சுலோசனா தொடர்கதையைச் சத்தமாகப் படிப்பாள். அவர் வெற்றிலை மடித்துக்கொண்டு கேட்பார். நேற்று ராத்திரி கதையில் கதாநாயகி ஒரு கடிதத்தைப் பிரித்தாள். ஆறாவது விளக்கு அணைந்தது.

"பத்திரிகை எல்லாத்தையும் கட்டி வாசல்ல வச்சுட்டா, டீச்சர். திங்கட்கிழமை பழைய பேப்பர்காரன் வருவான். 'போதுங்க, நான் படிச்சுக் கிழிச்சது'ங்கிறா."

"எப்படி இணைச்சீங்க?"

"முதல்ல மைக்ரோகன்ட்ரோலரோட கம்பிக் காலிலேயே நேரா மாட்டினேன். விளக்கு மங்கலா எரிஞ்சுது. அந்தக் கால்தான் செத்துப்போச்சு."

டீச்சர் சிரித்துவிட்டார். "விரல்நகம் அளவுக் கம்ப்யூட்டர் அது. இவ்வளவு வேணும்னு சொல்லும், அவ்வளவுதான். மாப்பிள்ளையை யாராவது சாம்பார் வாளி தூக்கச் சொல்வாங்களா?"

"புரிஞ்சுது. அப்புறம் நடுவில ஒரு டிரான்சிஸ்டரைத் தூக்க வச்சேன். மூணேகால் வோல்ட். மீட்டர் வச்சு அளந்தேன், மயிரிழை பிசகலை. ஒண்ணு மங்கலா எரிஞ்சுது. இன்னொண்ணு பத்து நிமிஷம் நல்லா எரிஞ்சு, சூடாகி, இன்னும் பளிச்சுனு எரிஞ்சு, பட்டுனு போச்சு. மங்கலா எரிஞ்சதுக்கு ஒரு சொட்டுக் கூட்டினேன். அதுவும் போச்சு. என் அளவில என்ன தப்பு?"

"அளவில தப்பே இல்லை."

"பின்னே?"

டீச்சர் ஆறு விளக்குகளையும் பெட்டியில் போட்டு மூடினார்.

"நாளைக்கு எங்க அண்ணன் மகளுக்குப் புதுநன்மை, முதல் தடவையா நற்கருணை வாங்குறா. மத்தியானம் விருந்து. ஒரு வரிசைக்கு நீங்க சாம்பார் ஊத்தணும்."

"ஊத்தறேன். விளக்கு?"

"நாளைக்கு வாங்க."

*

ஞாயிறு மதியம். மாதா கோயில் கூடத்தில் இலை போட்டிருந்தார்கள். வைத்திலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டி வாளியைத் தூக்கினார்.

டீச்சர் அருகில் வந்தார். "ஒரு நிபந்தனை. இலைக்கு மூணு கரண்டி. எல்லாருக்கும் மூணு. கண் வாளியை விட்டு எழும்பக் கூடாது."

"இது என்ன கூத்து? முப்பது வருஷத்தில அப்படி ஊத்தினதில்லையே."

"அப்ப இன்னிக்கு ஊத்துங்க."

குரு சொல்லாயிற்றே. வைத்திலிங்கம் வாளியைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

முதல் இலையில் மலைபோலச் சோறு. மூன்று கரண்டி விழுந்தது.

"என்னய்யா, சாம்பாருக்குப் பஞ்சமா?" என்றது ஒரு குரல்.

இரண்டாவது இலையில் ஒரு பிடிச் சோறு. அதற்கும் மூன்று கரண்டி.

"சோறு நீச்சலடிக்குதே தம்பி" என்றார் ஓர் அம்மாள்.

வைத்திலிங்கத்தின் காது சிவந்தது. கண்ணை எடுக்கவில்லை.

மூன்றாவது இலை. ஒரு கரண்டி. இரண்டு கரண்டி. சத்தமே இல்லை. மூன்றாவது கரண்டியை முகந்தவர் இலையைப் பார்த்துவிட்டார்.

விருந்துக்குரிய சிறுமி. வெள்ளைப் பட்டு உடுப்பு. இலை நிறைந்து, சாம்பார் ஓரத்துக்கு ஓடி, அவள் மடியை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவள் கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வைத்திலிங்கம் கரண்டியை வாளியில் போட்டார். ஒரு கையால் இலை ஓரத்தை மடக்கித் தூக்கினார். சாம்பார் நடுவுக்குத் திரும்பியது.

"போதும்னு சொல்லக் கூடாதா பாப்பா?"

"வைக்கிறதை வேணாம்னு சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

பின்னாலிருந்து டீச்சரின் குரல் வந்தது. "ஏன் அண்ணே நிறுத்திட்டீங்க? இன்னும் ஒரு கரண்டி பாக்கி."

"இலை நிறைஞ்சுபோச்சே, டீச்சர்."

"வாளியைத்தானே பார்க்கச் சொன்னேன்?"

வைத்திலிங்கம் சிறுமியின் இலையைப் பார்த்தார். கையிலிருந்த வாளியைப் பார்த்தார்.

"அந்த விளக்கும் போதும்னு சொல்லாது" என்றார் மெல்ல.

"சாம்பார் ஆறுது" என்றார் டீச்சர்.

அந்த வரிசையின் மிச்சத்தை வைத்திலிங்கம் தம் வழக்கப்படியே பரிமாறினார். ஒருவருக்கு அரைக் கரண்டி, ஒருவருக்கு ஐந்து. யாரும் முணுமுணுக்கவில்லை.

கை கழுவும் இடத்தில் டீச்சரைப் பிடித்தார்.

"எனக்குக் கண் இருக்கு, இலையைப் பார்க்கிறேன். அந்தக் குட்டிக் கம்ப்யூட்டருக்கு ஏது கண்?"

டீச்சர் கைப்பையிலிருந்து எதையோ எடுத்து அவர் ஈர உள்ளங்கையில் வைத்தார். கிராம்பு அளவில் ஒரு ரெசிஸ்டர். மின்தடை ஒரு ஓம்.

"விளக்கு வழியாப் போற கரன்ட் எல்லாம் இது வழியாவும் போகட்டும். நிறையப் போனா இதில நிறைய வோல்ட் நிற்கும். கொஞ்சமாப் போனா கொஞ்சம்."

"அதை நம்ம மாப்பிள்ளை பார்ப்பாரா?"

"பார்ப்பார். மிஞ்சினா டிரான்சிஸ்டரைக் கொஞ்சம் மூடச் சொல்வார், குறைஞ்சா திறக்கச் சொல்வார். வாளி மட்டும் தூக்க மாட்டார்."

*

அன்று மாலை வெளியே மழை மூட்டமாக இருந்தது. ஏழாவது விளக்கைச் சூடு தாங்க ஓர் அலுமினியப் பாத்திர மூடியில் திருகியிருந்தார் வைத்திலிங்கம். வாசலில் வைத்திருந்த பத்திரிகைக் கட்டை உள்ளே கொண்டுவந்து பிரித்து, கடிதம் வந்த அந்த இதழைத் தேடி எடுத்தார்.

"இதுவும் போகத்தான் போகுது" என்றாள் சுலோசனா.

"போனால் போகட்டும். கடிதத்தில என்ன எழுதியிருந்துச்சுன்னு மட்டும் சொல்லிடு."

பொத்தானை ஒரு முறை அழுத்தினார். சுலோசனா கண்ணைச் சுருக்கினாள். இன்னொரு முறை அழுத்தினார்; வெளிச்சம் கூடியது. அவள் படிக்கத் தொடங்கினாள்.

கடிதம் முடிந்தது. அத்தியாயம் முடிந்தது. அடுத்த இதழையும் எடுத்துக்கொண்டாள்.

அரை மணி கழித்து வைத்திலிங்கம் மூடியைத் தொட்டார். கை பொறுக்கும் சூடு. மீட்டரைப் பார்த்தார். முதலில் காட்டிய அதே எண்.

அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது. மூன்றாவது நிலை ஒன்றும் வைத்திருந்தார், எல்லாவற்றிலும் பெரிய வெளிச்சம். பொத்தானுக்குக் கையை நீட்டினார்.

சுலோசனா நிமிரவில்லை. படித்துக்கொண்டே இடது கையை விரித்து, பந்தியில் இலைக்குமேல் குறுக்கே நீட்டுவதுபோல், பக்கத்தின்மேல் நீட்டினாள்.

வைத்திலிங்கம் விரலை எடுத்துக்கொண்டார்.