மூணு திருகுப் பானை

முன்னே முன்னே ஒரு காலத்திலே, ராஜா பேர்கூட மறந்துபோன ஒரு ராஜ்யத்திலே, மாடத்தி என்று ஒருத்தி இருந்தாள். அவளும் நாத்தனார் சொர்ணமும் ஒரே உரலில் நெல் குத்துவார்கள். ஒருத்தி உலக்கை மேலே போனால் மற்றவள் உலக்கை கீழே வரும். பாட்டும் அப்படித்தான், மாற்றி மாற்றி வரும்.

மலைமேலே ஒரு மந்திரவாதி. சத்தமே அவனுக்கு ஆகாது. குத்துகிற சத்தத்தில் தூக்கம் கலைந்து இறங்கி வந்தவன், சொர்ணத்தைக் கல்லாக்கிவிட்டான்.

"மூணு குரல் முறைவச்சுப் பாடினா எழுந்திருப்பா. மூணாம் நாள் பொழுது சாய்ஞ்சா என்னைக்கும் கல்லுதான்."

ஊரே பயந்து வாயை மூடிக்கொண்டது. மாடத்தி ஒருத்திதான் கல்லைக் கட்டிக்கொண்டு கிடந்தாள்.

கோபுரத்து வௌவால் ஒன்று பானையோடு வந்தது. பானைக் கழுத்தில் மூணு திருகு.

"நீங்க புடைக்கையில பறக்கிற பூச்சியைத் தின்னுதான் என் பிள்ளைங்க வளர்ந்துச்சு, அக்கா. இது நீ பாடினதைத் திருப்பிப் பாடும். எவ்வளவு பொறுத்துப் பாடணும்னு சொல்றது முதல் திருகு. திரும்பி வந்த குரல்ல எவ்வளவு மறுபடி உள்ளே போகணும்னு ரெண்டாவது. எவ்வளவு உரக்கக் கேட்கணும்னு மூணாவது."

முதல் நாள், "நெல்லே நெல்லே, உமியை விடு" என்று பாடினாள். பானை பொறுக்காமல் உடனே பாட, ரெண்டு குரலும் ஒட்டி ஒரே குரலாய்த் தடித்தது. கல் அசையவில்லை.

ரெண்டாம் நாள், நிறையப் பேர் பாடட்டும் என்ற ஆசையில் ரெண்டாம் திருகை முழுசாய்த் திறந்தாள். போன குரல் வந்தது, வந்த குரல் போனது, எல்லாம் சேர்ந்து பெருத்து ஊளையிட்டது. சொர்ணத்தின் காதில் கல்லாகிப்போன தோடு ஒன்று தெறித்து விழுந்தது. மாடத்தி பாய்ந்து திருகை மூடினாள்.

"தோட்டோட போச்சு," என்றது வௌவால். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா காது."

மூணாம் நாள், பொழுது சாயப் போகிறது. மாடத்தி முதலில் பானையைத் தொடவில்லை. உலக்கையை எடுத்துக் குத்தினாள். உலக்கை ஏறி இறங்குகிற நேரம் எவ்வளவோ, அவ்வளவுக்கு முதல் திருகை வைத்தாள். குரல் ரெண்டு தரம் திரும்பி வந்து, மூணாம் தரம் தேய்ந்துபோகிற அளவுக்கு ரெண்டாவதைக் குறைத்தாள். தன் குரலுக்கு ஈடாய்க் கேட்க மூணாவதை ஏற்றினாள்.

ஒரு குத்துக்குப் பாடினாள். ரெண்டு குத்துக்குச் சும்மா இருந்தாள்.

நெல்லே நெல்லே, உமியை விடு.

நெல்லே நெல்லே, உமியை விடு.

நெல்லே நெல்லே, உமியை விடு.

கல் கண்ணைத் திறந்தது.

"மதினி, அந்த மூணாவது பொம்பளை குரல் ஏன் இத்தனை சன்னமா இருக்கு? சாப்பிடலையா?"

மாடத்தி சிரித்தாள், அழுதாள், தன் தோட்டில் ஒன்றைக் கழற்றி அவள் காதில் மாட்டினாள். ஊரெல்லாம் உலக்கை எடுத்துப் பாட, மந்திரவாதி காதைப் பொத்திக்கொண்டு ஏழு மலை தாண்டி ஓடினான். ஒத்தைத் தோட்டோடு மாடத்தி அங்கே நல்லா இருந்தாள். கேட்ட நாமும் இங்கே நல்லா இருப்போம்.