தரையில் உட்கார்ந்த முட்டை

படம் வரையும் ஒரு டேப்லெட் திரைக்குள்ளே நாற்பது முட்டைகள் ஒரே குடும்பமாக வாழ்ந்துவந்தன. கோழி இட்ட முட்டைகள் அல்ல. பாக்கியசீலி என்ற பெண் வரைந்த முட்டைகள்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் பாக்கியசீலி சாப்பாட்டு மேசையைத் துடைப்பாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அரைமணி நேரம் டேப்பில் ஒரு முட்டை வரைவாள். வெளிச்சம் விழும் பக்கம் வெள்ளை, மறுபக்கம் நிழல். படம் பழகுகிறவர்களுக்கு அதுதான் நல்ல பயிற்சி என்று ஒரு வீடியோவில் சொல்லியிருந்தார்கள்.

ஒவ்வொரு நாள் முட்டைக்கும் ஒரு தனி அடுக்கு. கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த மாதிரி இருக்கும். புது முட்டை முடிந்ததும் பழைய முட்டையின் அருகில் உள்ள சின்னக் கண் அடையாளத்தைத் தொட்டு மூடிவிடுவாள். பழையது இருட்டுக்குள் போய்விடும்.

எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது முதல் முட்டை. ஒரு பக்கம் சரிந்து, கோடெல்லாம் நடுங்கி, பார்க்கப் பாவமாக இருக்கும். மேலே இருந்த நாற்பதாவது முட்டையோ எண்ணெய் தேய்த்துக் குளித்தது போல மினுமினுக்கும்.

"பெரியக்கா, நீங்க முட்டையா, கத்திரிக்காயா?" என்று அது அடிக்கடி கேட்கும்.

"எதுவா இருந்தா என்ன தங்கச்சி, ரெண்டும் குழம்புக்கு ஆகும்" என்று முதல் முட்டை சிரித்து மழுப்பும். உள்ளுக்குள் மட்டும் ஒரு பயம் உண்டு. என்றைக்காவது இடம் போதவில்லை என்றால், முதலில் அழிக்கப்படுவது நான்தானே?

பாக்கியசீலிக்கு ஒரு ஆசை இருந்தது. ஒரு சிறுவர் பத்திரிகையில், மாதிரிப் படம் பிடித்திருந்தால் மாதம் ஒரு கதைக்குப் படம் வரையத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவளும் ஒரு முற்றம், ஒரு கோழி, பக்கத்தில் மூன்று முட்டைகள் என்று வரைந்து அனுப்பினாள். ஒரு காலையில் பதில் வந்தது. போனைப் பார்த்து வாய்விட்டு வாசித்தாள்.

"முட்டைகள் அழகு. ஆனால் தரையில் இல்லை, பலூன் மாதிரி மிதக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைக்குள் திருத்தி அனுப்பினால் பார்க்கிறோம்."

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவன் சூசை சிரித்தான். "நாப்பது நாளா முட்டை போடுற, ஒண்ணாவது ஆம்லெட் ஆச்சா?" அவள் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "விளையாட்டுக்குச் சொன்னேன் சீலி."

"இல்லங்க. எனக்கு இது வராது. எல்லாத்தையும் அழிச்சுடுறேன்."

டேப்பை எடுத்தாள். 'அழிக்கவா?' என்று திரை கேட்டது. உள்ளே நாற்பது முட்டைகளும் நடுங்கின.

"பெரியக்கா, என்னையுமா?" என்று நாற்பதாவது அழுதது.

"அழாத தங்கச்சி. நான் இருக்கேன்ல, ஒண்ணாவே போவோம்."

விரல் திரைக்கு அருகில் வந்து நின்றது. பிறகு விலகியது. "போறதுக்கு முன்னாடி ஒரு தடவை முகம் பார்த்துக்கிறேன்" என்று பாக்கியசீலி முணுமுணுத்தாள். அடியிலிருந்து ஒவ்வொரு கண்ணாகத் திறந்தாள்.

முதல் முட்டைமேல் நாற்பது நாள் கழித்து வெளிச்சம் பட்டது. கடைசி கடைசியாக என் கோணல் முகத்தைத்தானா பார்க்க வேண்டும் என்று அது கூசிப்போனது. அவள் சிரிக்கவில்லை. குனிந்து, இன்னும் கிட்டத்தில் பார்த்தாள்.

"என்னங்க, இங்க வாங்களேன். இது உட்கார்ந்திருக்கு!"

கத்திரிக்காய்தான். ஆனால் அடிப்பக்கம் தரையைத் தொடும் இடத்தில், இழை போல ஒரு கருத்த நிழல் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவதைத் திறந்தாள். நிழல் மயிரிழை விலகியிருந்தது. பத்தாவதில் அரை விரல் விலகியிருந்தது. நாற்பதாவதில் முட்டை ஓரிடம், நிழல் ஓரிடம்.

"பெரியக்கா, எனக்கு மட்டும் ஏன் தரை எட்டலை?" என்று நாற்பதாவது மெல்லக் கேட்டது.

"என்னை வரையிறப்போ மேசையில நிஜ முட்டை இருந்துச்சு. அதைப் பார்த்துப் பார்த்து வரைஞ்சா. உன்னை வரையிறப்போ முந்தின நாள் முட்டையைத்தான் பார்த்தா. அதை வரையிறப்போ அதுக்கும் முந்தினதை."

"அந்த நிஜ முட்டை எங்க போச்சு?"

வெளியே பாக்கியசீலியும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். சூசை தலையைச் சொறிந்தான். "அவிச்ச முட்டைதானே... அன்னைக்கே இட்லியோட நான் சாப்பிட்டுட்டேன்."

அந்தக் காலையில் முதல்முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. "வாய் செபமாலை சொல்லும், மனசு அடுப்புப் பால்கிட்ட நிக்கும். அப்படித்தான் நானும் தினம் உட்கார்ந்திருக்கேன், பார்க்கவே இல்லை."

எழுந்து போய் ஒரு முட்டையை எடுத்துவந்து, உருளாமல் மேசையில் வைத்தாள். முதல் முட்டையைத் திரையின் ஓரத்துக்கு நகர்த்தினாள். இனி கண்ணை மூடிவிடுவாள் என்று அது காத்திருந்தது. அவள் மூடவில்லை. நாற்பத்தொன்றாவது அடுக்கைத் திறந்தாள்.

சாப்பாட்டுத் தூக்கை எடுத்த சூசையின் கை, பழக்கத்தில் மேசை முட்டையை நோக்கி நீண்டது.

"கையை எடுங்க" என்றாள் பாக்கியசீலி, முட்டையிலிருந்து கண்ணை எடுக்காமலே.