கடைசி வரி வரைக்கும்

நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் சகாய ஜெபாவுக்குக் கண் பரிசோதனை என்றால் தனிப் பிரியம். நோயாளியைத் தலை முதல் கால் வரை பார்க்கச் சொன்னால், மற்ற மாணவிகள் கண்ணைச் சட்டென்று முடித்துவிட்டு நெஞ்சுக்குப் போய்விடுவார்கள். ஜெபா கண்ணிலேயே குடியிருப்பாள்.

அன்று ஆண்கள் வார்டில் அவளுக்குக் கிடைத்தவர் இசக்கிமுத்து. பள்ளிக்கூட வேன் டிரைவர். குடலிறக்க ஆபரேஷனுக்காகப் படுத்திருந்தார்.

கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். நல்ல சிவப்பு, ரத்தசோகை இல்லை. வெள்ளை விழியில் மஞ்சள் இல்லை. டார்ச் அடித்தாள். இரண்டு கண்மணியும் சுருங்கின. விரலை அசைத்தாள். விழிகள் கூடவே வந்தன. கடைசியாக, எதிர்ச் சுவரில் தொங்கிய எழுத்து அட்டையை ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு படிக்கச் சொன்னாள். கடைசி வரியின் பொடி எழுத்து வரைக்கும் கடகடவென்று ஒப்பித்தார்.

ஜெபா டியூட்டர் பத்மாவதியிடம் போய் நின்றாள்.

"மேடம், பருந்துக்கண்ணு அவருக்கு. இதுக்கு மேலே கண்ணுல பார்க்க என்ன இருக்கு?"

பத்மாவதி எழுந்து வார்டுக்கு வந்தார்.

"அண்ணாச்சி, வலது கண்ணை நல்லா மூடிக்கிடுங்க."

இசக்கிமுத்து உள்ளங்கையால் மூடினார். பத்மாவதி சத்தமில்லாமல் போய் அட்டையை ஆணியிலிருந்து கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"இப்போ கடைசி வரி படிங்க."

இசக்கிமுத்து கழுத்தை நீட்டி, கண்ணை இடுக்கி, வெறும் சுவரைக் கூர்ந்து பார்த்தார்.

"ட... ப... ர... அடுத்தது கொஞ்சம் அழிஞ்சிருக்கு, 'ம'தான்... க."

வார்டே சிரித்தது. பக்கத்துக் கட்டில்காரர் மட்டும் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். அவர்தான் நேற்று முழுக்க உட்கார்ந்து அட்டை எழுத்தை மனப்பாடம் பண்ண வைத்தவர்.

இசக்கிமுத்து கையை எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தார்.

"பள்ளிக்கூடத்துக்குத் தெரிஞ்சா வேன் சாவியை வாங்கிருவாவ தாயி. வேற தொழில் தெரியாது எனக்கு."

பத்மாவதி டார்ச்சைச் சாய்த்து அவர் இடது கண்ணில் காட்டி ஜெபாவைக் கூப்பிட்டார். கண்மணிக்குள்ளே சாம்பல் பூத்திருந்தது. அரை மணி நேரம் முன்னால் இதே கண்ணில்தான் ஜெபா டார்ச் அடித்திருந்தாள். அந்த வேனில் எத்தனை பிள்ளைகள் ஏறும் என்று நினைத்தாள்.

"கண்புரைதான் அண்ணாச்சி. எடுத்துட்டு, டாக்டர் சரின்னதும் ஓட்டலாம். அதுவரைக்கும் பிள்ளைங்க உங்க வேன்ல ஏறக்கூடாது. பள்ளிக்கூடத்துல நானே வந்து பேசுறேன்."

அவர் தலையாட்டினார். பயம் போனது போலவும் இருந்தது, மானம் போனது போலவும் இருந்தது.

வராந்தாவுக்கு வந்ததும் ஜெபா கேட்டாள்.

"ஒண்ணு விடாமப் பார்த்தேன் மேடம். எப்படி ஏமாந்தேன்?"

"அவர் படிக்கையில நீ எங்கே பார்த்துக்கிட்டிருந்தே?"

"அட்டையைத்தான் மேடம். எழுத்தைச் சரியாச் சொல்றாரான்னு."

"கடைசி வரி வரைக்குமா?"

"கடைசி வரி வரைக்கும்."

பத்மாவதி எழுத்து அட்டையை அவள் கையில் கொடுத்தார்.

"அப்போ உனக்குப் பார்வை நல்லா இருக்கு."